யார் கூறியது?

கேள்வி: செய்தியில் தவறு வந்தால் மறுநாளே திருத்தம் போடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் 'என்று கூறப்படுகிறது' என்று சேர்த்துவிடுகிறார்கள். இதற்கு மேல் பத்திரிகைக்காரர்கள் என்னதான் செய்ய முடியும்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அந்தச் சொல்லை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். 'கூறப்படுகிறது' என்ற சொல்லுக்கும் எனக்கும் முப்பது வருடப் பகை. தமிழில் கூறினான் என்றால் ஆண், கூறினாள் என்றால் பெண், கூறினார்கள் என்றால் பலர். வினைச்சொல்லின் வாலைப் பிடித்தாலே ஆள் அகப்பட்டுவிடுவார். அப்படிப்பட்ட மொழியில் ஆளே இல்லாத வினையைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறோம். அதற்கு அண்ணன் 'தெரிகிறது', ஒன்றுவிட்ட சித்தப்பா 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்'.

கடற்கரையில் நிற்கிறவர் மட்டும் ஏன் வட்டாரம் ஆவதில்லை? 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்று துறைமுகம் முதலில் அறிக்கை விட்டது. அறிக்கையை மட்டும் நம்பியவர்களுக்குச் செய்தி அதோடு முடிந்தது. எர்ணாவூர் கரைக்கு இறங்கிப் போனவர்களுக்குக் கால் வைத்த இடமெல்லாம் தார் மாதிரி ஒட்டியது. அப்புறம் மீனவர்களும் இளைஞர்களும் அதை வாளி வாளியாக அள்ளியதை நாடே பார்த்தது. சரிபார்ப்பது என்று நான் சொல்வது, பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதை. அங்கே நிற்கிறவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொள்வதை.

சரி, திருத்தம். தவறினால் உடனே, கண்ணில் படும்படி திருத்து என்பது, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. ஆனால் 1978 சட்டப்படி கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. டிவி சேனல்கள் அதன் கைக்கே வராது. முதல் பக்கத்தில் செய்த தவறை முதல் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்த வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

நான் நிருபராக இருந்தபோது ஒரு நாளிதழ், அடிதடி வழக்கில் கைதானவர் என்று காசிமேட்டுப் பையன் ஒருவனின் படத்தைப் போட்டது. பெயர் ஒன்று, ஆள் வேறு. கூடவே 'பிரபல ரவுடி' என்ற பட்டம். வட சென்னைப் பையன் என்றால் யோசிக்காமலே அதைச் சேர்த்துவிடுகிறார்கள். வியாசர்பாடியில் கால்பந்து ஆடி வளர்கிற பையன்களுக்கு அந்தப் பக்கத்தில் இடம் கிடைப்பதில்லை. திருத்தம் நான்காம் நாள் வந்தது, உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே, நாலே வரி.

சில மாதம் கழித்து அவன் அம்மாவைப் பார்த்தேன். மீன் விற்ற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து அந்த நாலு வரியை எடுத்தார். மடித்த இடத்தில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது.

"யாருனா கேட்டா இத்த எட்த்துக் காட்டுவேன் சார். படிக்கத் தெரியாதவங்களுக்கு நானே சொல்லிடுவேன். எனக்கு மனப்பாடமா கீது" என்றார்.