பிதுக்கினாலும் திரும்ப வரும் கட்டி

கேள்வி: என் கணவருக்கு (வயது 46) முதுகில் பல ஆண்டுகளாகப் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. சென்ற ஆண்டு பிதுக்கியபோது வெண்ணெய் போன்ற, நாற்றமடிக்கும் ஒன்று வெளிவந்து அமுங்கியது. இப்போது நெல்லிக்காய் அளவுக்கு மீண்டும் வந்துவிட்டது. மகளுக்கோ (22) ஸ்கேனில், வலது சினைப்பையில் 4 செ.மீ. ‘சிஸ்ட்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருவருக்கு எப்படி? சாப்பாட்டுக் கோளாறா? புற்றுநோயாகுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், பிறந்த விதம் வேறு. சிஸ்ட் என்பது தனக்கென்று ஓர் உள்சுவர் கொண்ட பை. உள்ளே நீரோ கூழோ இருக்கும். சீழ் தேங்கினால் அது சீழ்க்கட்டி. முழுவதும் கொழுப்புத் திசுவாக இருந்தால் கொழுப்புக் கட்டி. நாம் எல்லாவற்றையும் ‘கட்டி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

கணவருடையது, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மேல்தோல் சிஸ்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேல்தோல் அணுக்கள் கெரட்டின் என்ற புரதத்தை உண்டாக்கி, நாள்தோறும் வெளிப்புறமாக உதிர்ந்துகொண்டிருப்பவை. முடிக்குழியின் வாய் அடைபட்டாலோ, காயத்தின்போது மேல்தோல் துணுக்கொன்று உள்ளே புதைந்தாலோ, அவை அங்கேயே பையாகச் சூழ்ந்துகொண்டு, வெளியே வழியில்லாமல் பைக்குள்ளேயே உதிரத் தொடங்குகின்றன. நீங்கள் கண்ட ‘வெண்ணெய்’ அப்படித் தேங்கி ஊறிய கெரட்டின்தான். கட்டியின் நடுவே கடுகளவு கரும்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதுவே அடைபட்ட வாய்.

பிதுக்கும்போது சரக்குதான் வெளியேறுகிறது, அதை உண்டாக்கும் சுவர் உள்ளேயே தங்கிவிடுகிறது. சில நேரம் அழுத்தத்தில் சுவர் உட்புறம் கிழிந்து, கெரட்டின் சுற்றியுள்ள திசுவில் கசிந்து, சிவந்து வீங்கிக் கடுமையாக வலிக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, பையைச் சுவரோடு முழுதாக எடுத்தால்தான் மீண்டும் வருவது பெரும்பாலும் நிற்கும். வீங்கியிருக்கும்போது சுவர் நைந்து பிய்ந்து வரும் என்பதால், அது தணியும்வரை மருத்துவர்கள் பொதுவாகக் காத்திருப்பார்கள். இவ்வகைக் கட்டி புற்றுநோயாவது மிக அரிது. ஆயினும் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்ல வழக்கம்.

மகளின் கதை வேறு. மாதந்தோறும் சினைப்பையில் முட்டை ஒரு சிறு நீர்ப்பைக்குள் வளர்கிறது. அந்தப் பை சுமார் 2 செ.மீ. ஆனதும் வெடித்து, முட்டை வெளியேறும். ஏதோ ஒரு மாதம் வெடிக்காமல் போனால், பை மேலும் பெருத்து நீர்க்கட்டியாக நிற்கும். சுவர் மெல்லியது, உள்ளே தெளிந்த நீர் மட்டுமே, திடப்பகுதியோ தடுப்புகளோ இல்லை என்று ஸ்கேன் அறிக்கை சொன்னால், இந்த வயதில் அது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானே வற்றிவிடும். மருத்துவர் குறித்த நாளில் மறு ஸ்கேன் எடுத்தால் போதும். திடப்பகுதி உண்டென்றால் தாமதிக்காமல் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இதைப் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள். அதில் தெரிபவை முதிராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப்பைகள். சிஸ்ட் என்ற பெயர்தான் அங்கே தவறாக ஒட்டிக்கொண்டது.

சாப்பாடு இவ்விரண்டுக்கும் காரணமில்லை. சாப்பாட்டைக் குறை சொல்லத் தகுந்த சிஸ்ட் வேறு உண்டு: பன்றி நாடாப்புழுவின் முட்டை, அழுக்குக் கைகள் வழியாகவோ சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாகவோ வயிற்றுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாகி வலிப்பை உண்டாக்கும். பரம்பரையாக வருவதும் உண்டு. சிறுநீரகங்கள் முழுக்க நீர்க்கட்டிகள் நிறையும் ஒரு நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுக் கட்டிகள் இந்த இரண்டு வகையிலும் சேராதவை.

மகளுக்கு அடிவயிற்றில் ஒருபுறம் திடீரெனத் தாங்க முடியாத வலி வந்து, கூடவே வாந்தியும் இருந்தால், நீர்க்கட்டியின் பாரத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது மறு ஸ்கேன் நாளுக்குக் காத்திராமல், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.