சளியில் ரத்தம்: அரைத் தேக்கரண்டி என்னும் எல்லை

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. நுரையீரலில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய், நான்காம் நிலை. எர்லோடினிப் மாத்திரையுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெவாசிசுமாப் மருந்தும் ஏற்றுகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரினும் உண்டு. சில நாட்களாக மூக்கில் ரத்தம் கசிகிறது. நேற்று சளியில் சிவப்புக் கோடு தெரிந்தது. மருந்துகளை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த ஊசி நாள் வரை காத்திராமல் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டும் புரதத்தைப் பெவாசிசுமாப் முடக்குகிறது; நல்ல குழாய்களின் உட்சுவரைப் பேணுவதும் அதே புரதம் என்பதால், மெல்லிய மூக்குச் சவ்வில் ரத்தம் கசிவது இம்மருந்தில் சகஜம். முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சளியில் வரும் ரத்தம் வேறு கதை. 2004இல் வெளியான ஆய்வொன்றில், கீமோவுடன் இம்மருந்து பெற்றவர்களில் ஆறு பேருக்கு நுரையீரலில் கடும் ரத்தக்கசிவு ஏற்பட்டு, நால்வர் இறந்தனர். ஸ்குவாமஸ் வகைப் புற்றும், பெரிய ரத்தக் குழாயை ஒட்டி நடு மார்பில் இருக்கும் கட்டியும், உள்ளே குழிவிழுந்த கட்டியும் இதற்கு வழிவகுப்பது அதில்தான் தெளிவாயிற்று. உங்கள் தந்தைக்கு ஸ்குவாமஸ் இல்லை என்பது ஆறுதல். கட்டியின் இடத்தையும் குழியையும் சமீபத்திய சி.டி. ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இருமலில் அரைத் தேக்கரண்டி, அதாவது 2.5 மில்லி, அல்லது அதற்கு மேல் ரத்தம் வந்தவருக்கு இந்த ஊசியை ஏற்றக் கூடாது. கோடு அந்த அளவை எட்டாது. ஆயினும் வெள்ளைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லிப் படமெடுத்து வையுங்கள். (வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் முதலில் வாயைக் கொப்பளிக்க வேண்டும், சிவந்த எச்சிலைக் கண்டு பதறி வருவோரும் உண்டு.)

ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால் ஆஸ்பிரின் பற்றி இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கை மட்டும் அறவே தவிருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோருக்கு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை எர்லோடினிப் ஏற்றிவிடக்கூடும் என்பதால் அடிக்கடி பரிசோதனை தேவை. பெவாசிசுமாப் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நாட்கள் ஆகும். ஆகையால் பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

திடீரெனக் கூடுதலாக ரத்தம் வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, கடும் தலைவலியோ பேச்சுக் குழறலோ கண்டாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இருமலில் ரத்தம் கொட்டினால், வழியில் கட்டி உள்ள பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காது.