படத்தில் ஏரி, பாதையில் வேர்: மலைச் சைக்கிள் கேள்வி-பதில்

கேள்வி: காடு, ஏரி, குன்று வழியாக மூன்று நாள் மலைச் சைக்கிள் பயணம் ஒன்றை ஒரு நிறுவனம் விற்கிறது. ‘நாளொன்றுக்கு 35 கிலோமீட்டர், நடுத்தரப் பாதை’ என்கிறது விளம்பரம். நானும் மனைவியும் தார்ச்சாலையில் தினமும் ஓட்டுகிறவர்கள். முன்பணம் கட்டிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 35 கிலோமீட்டர் என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அகலமான காட்டுச் சாலையில் அது மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் இருட்டும்வரை இழுக்கும். ஆகவே மொத்தத் தூரத்தில் எவ்வளவு ஒற்றையடிப் பாதை என்பதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது ஏற்றம். மொத்த உயரத்தைச் சொல்வார்கள், அது போதாது. 600 மீட்டர் உயரத்தை 12 கிலோமீட்டரில் ஏறினால் சராசரிச் சரிவு 5 சதவீதம். மூச்சு வாங்கும், ஆனாலும் ஓட்டிவிடலாம். அதே 600 மீட்டரை 4 கிலோமீட்டரில் ஏற வேண்டியிருந்தால் 15 சதவீதம். சரளையில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றும். பெரும்பாலோர் இறங்கித் தள்ளுவார்கள். விளம்பரத்தில் இரண்டும் ‘600 மீட்டர் ஏற்றம்’ என்றே இருக்கும், அதில் பொய்யும் இல்லை. அதனால்தான் உயர வரைபடத்தை, அதாவது பாதை எங்கே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் கோட்டுப்படத்தை, கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

‘நடுத்தரம்’ எந்த அளவுகோலின்படி என்பதும் தெரிய வேண்டும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு படிகள். ஆல்ப்ஸ் பகுதியில் பல இடங்களில் நீலம்தான் எளிதான பாதை, நடுவில் இருப்பது சிவப்பு. ஒரு நாட்டில் நீலத்தை ஓட்டியவர் இன்னொரு நாட்டின் நீலத்தையும் ஓட்டிவிடுவார் என்று நம்ப முடியாது. ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் எஸ்0 முதல் எஸ்5 வரை ஓர் அளவுகோல் உண்டு. தூரத்தையும் ஏற்றத்தையும் விட்டுவிட்டு, தரை எவ்வளவு முரடு என்பதை மட்டும் அது சொல்கிறது. உங்கள் இருவருக்கும் எஸ்0 சரி. சிறு வேர்களும் கற்களும் வரும் எஸ்1-ஐ நிதானமாகப் பழகலாம். எஸ்2 என்றால் படிகளும் இறுக்கமான வளைவுகளும் தொடங்கிவிடும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

விளம்பரப் படத்தில் எப்போதும் ஏரிதான் இருக்கும். ஏற்றத்தில் முகம் சிவக்கத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் படமெடுத்து யாரும் விற்பதில்லை. ஏரிக்கரைப் பாதை பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் அங்கே நடப்பவர்களுக்கு வழிவிட்டு ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். மழை பெய்தால் மரப்பலகைப் பாலங்களில் டயர் சறுக்கும். காட்டுப் பகுதியோ மரம் வெட்டும் பணி, புயல், தீ அபாயம் என்று ஏதாவதொரு காரணத்தால் மூடப்படலாம். அப்படி மூடினால் பணம் திரும்ப வருமா, மாற்று வழியில் அழைத்துப் போவார்களா, அந்த மாற்று வழி தார்ச்சாலையா? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். உயர வரைபடத்தையோ, செயலியில் திறந்து பார்க்கும் பாதைக் கோப்பையோ பணம் கட்டிய பிறகுதான் காட்டுவோம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு என் பணத்தை நான் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: காட்டுச் சாலைகளிலும் ஏரிக்கரையிலும் ஓட்டுவதற்கு மலைச் சைக்கிள் வாங்கப் போகிறேன். ஒரே விலையில் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், மற்றதில் முன்னால் மட்டும். இரண்டு இருப்பதுதான் லாபம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: லாபம் யாருக்கு என்பதை அவர் சொல்லவில்லை. விலை ஒன்றாக இருக்கும்போது, பின்பக்க ஷாக்குக்கும் அதைத் தாங்கும் மூட்டுகளுக்கும் ஆன செலவை வேறெங்கோ மிச்சம் பிடித்திருப்பார்கள். பெரும்பாலும் அது பிரேக்கிலும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கிலும், சக்கரத்திலும்தான் தெரியும். மலிவான பின் ஷாக் வெறும் சுருள்வில். பெடலை மிதிக்கும்போதெல்லாம் அமுங்கி எழுந்து உங்கள் உழைப்பைத் தின்னும். எடையும் கூடும், தேய்ந்து ஆடுவதற்கு மூட்டுகளும் கூடும். நீங்கள் சொல்லும் பாதைகளுக்கு முன்னால் மட்டும் ஷாக் உள்ள வண்டியே நல்லது. 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும் ஃபோர்க் தாராளம். 150-க்கு மேற்பட்டவை செங்குத்தான, கரடுமுரடான இறக்கங்களுக்கு உரியவை.

கடையிலேயே சட்டகத்தின் அடியிலும் கையேட்டிலும் உள்ள சிறு ஒட்டுத்தாளைத் தேடிப் படியுங்கள். எந்தப் பயன்பாட்டுக்கு அந்த வண்டி செய்யப்பட்டது என்பதை 1 முதல் 5 வரை வகைப்படுத்தும் ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் தரநிலை ஒன்று இருக்கிறது. 1 என்பது தார்ச்சாலை. 2 என்றால் சரளைப் பாதையும் 15 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு இறக்கங்களும். 3-இல்தான் கரடுமுரடான பாதைகளும் சுமார் 60 சென்டிமீட்டர் வரையிலான குதிப்புகளும் வருகின்றன. பார்வைக்கு அசல் மலைச் சைக்கிளாக இருந்துகொண்டு, ‘கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது’ என்று பொடி எழுத்தில் சொல்லும் வண்டிகள் சந்தையில் உண்டு. சட்டகம் உடைந்து வாரண்டி கேட்டுப் போகும்போது அந்தப் பொடி எழுத்துதான் பேசும். ‘ஆயுட்கால வாரண்டி’யும் பல நிறுவனங்களில் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பிரேக் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். நீண்ட இறக்கத்தில் கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கைவிட எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதற்கு விரல் வலு குறைவாகப் போதும். டிஸ்க் தட்டில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட் என்பது தட்டை அழுத்திப் பிடிக்கும் சிறு கட்டை. பிசின் கலவையாலான ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் சேற்றிலும் மழையிலும் விரைவில் தேயும். பிறகு உலோகப் பேட் போடலாம் என்று நினைத்தால் தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். இன்னொன்று, ‘டியூப்லெஸ் ரெடி’ என்று எழுதியிருந்தால் உள்ளே டியூப் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். டியூபை எடுத்துவிடலாம், அவ்வளவுதான். வால்வும் அடைப்புத் திரவமும் தனிச் செலவு. அந்தத் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதையும் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

வண்டியின் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: பாதை காட்டும் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது வீணா?

பதில்: எதற்காகக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாதைகளைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வீண். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் இலவசம். அதில் பல காட்டுப் பாதைகளுக்கு மலைச் சைக்கிள் கடினத்தன்மையும் குறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான சந்தாக்களில் உண்மையில் காசுக்குத் தகுந்தது, வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துச் சிக்னல் இல்லாத இடத்தில் பார்க்கும் வசதிதான். அதையும் இலவசமாகத் தரும் செயலிகள் இருக்கின்றன. ஒரு மாதச் சந்தா கிடைத்தால் பயணத்துக்கு அதுவே போதும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

செயலி சொல்லும் ஏற்றத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரு செயலி வரைபடத்தின் உயரத் தரவிலிருந்து கணக்கிடும், மற்றொன்று காற்றழுத்த மானியை நம்பும். ஒரே பாதைக்கு இரண்டும் இரண்டு எண்கள் சொல்லும். மலைச்சரிவை ஒட்டிய பாதைகளில் வேறுபாடு நூறு மீட்டரைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அடர்ந்த மரங்களுக்கு அடியில் உங்கள் இருப்பிடக் குறியும் பாதையை விட்டு நகர்ந்து நிற்கும். பாதை பிரியும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: ‘ஒரே சார்ஜில் 120 கிலோமீட்டர்’ என்கிறார்கள். மின்சார மலைச் சைக்கிள் வாங்கினால் குன்றுகளை எளிதாகத் தாண்டிவிடலாம்தானே?

பதில்: அந்த 120, சமதளத்தில், எடை குறைந்தவர், மிகக் குறைந்த உதவியில் ஓட்டினால் கிடைப்பது. நீங்களே கணக்குப் போடுங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 270 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரின் இழப்பும் மண்ணின் உராய்வும் இதற்கு மேல். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது சுமார் 500 வாட்-மணி. கால்கள் எவ்வளவு பங்கு ஏற்கின்றன என்பதைப் பொறுத்து எத்தனை மீட்டர் ஏறலாம் என்று கேளுங்கள்; கடைக்காரர் கிலோமீட்டரிலேயே நின்றால் அவருக்கும் தெரியாது என்று பொருள்.

விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலோ பெட்டியிலோ ஏற்ற அனுமதி இல்லை. போகுமிடத்தில் வாடகைக்கு எடுப்பதே வழி. மின்சார வண்டிக்குத் தடை உள்ள காட்டுப் பாதைகளும் இருக்கின்றன. வண்டிக்கு முன் பாதையின் விதியை விசாரியுங்கள்.

கேள்வி: வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்குப் பணம் பிடித்துவிட்டார்கள். அடுத்த முறை எப்படித் தப்பிப்பது?

பதில்: எடுக்கும்போதே கடை ஊழியர் எதிரில் சட்டகம், சக்கர விளிம்பு, கியர் மாற்றி, ஃபோர்க் நான்கையும் படமெடுங்கள். பழைய கீறல்களை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். டயர், பிரேக் பேட் போன்ற இயல்பான தேய்மானத்துக்கு யார் பொறுப்பு என்ற வரி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். சேதக் காப்புக்குத் தனிக் கட்டணம் கேட்டால், திருட்டும் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும்; பலவற்றில் அடங்காது.

கேள்வி: நண்பர் தன் பழைய ஹெல்மெட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்கினால் அதோடு சரி, நசுங்கியது வெளியே தெரியாமலும் இருக்கும். இஎன் 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சிபிஎஸ்சி (அமெரிக்கத் தரம்) முத்திரை உள்ள புதியதை வாங்குங்கள்.