கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட்: ஓபிஜி மட்டும் போதாதா?

இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க மேலூரில் ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்-ரே) எடுத்த பிறகும், மதுரைக்குப் போய் சிபிசிடி (முப்பரிமாண) ஸ்கேன் எடுக்கச் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கீழ்க்கடைவாய்ப் பகுதி என்றால் அவசியம் எடுங்கள். ஓபிஜி தட்டையான படம். எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது.

தாடைக்குள் ஒரு கால்வாயில் நரம்பு ஓடுகிறது. இம்ப்ளான்ட் நுனிக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. விட வேண்டும். ட்ரில் நுனி இம்ப்ளான்ட் நீளத்தைவிடச் சற்று ஆழமாக இறங்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. சிலருக்குக் கால்வாய் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். நரம்பு வெளியேறும் துளை பெரும்பாலும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு அடியில் இருக்கும். ஆனால் சிலருக்கு நரம்பு சில மி.மீ. முன்னே போய் வளைந்து திரும்பித்தான் வெளியே வரும். துளைக்கு முன்பக்கம் பத்திரம் என்று நம்பித் துளைத்தால் கீழுதடும் மோவாயும் மாதக்கணக்கில், சிலசமயம் நிரந்தரமாகவே மரத்துவிடும்.

இதைவிட ஆபத்து, நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கியிருக்கும் குழிவு. ட்ரில் அங்கே வெளியேறி ரத்தக்குழாயை அறுத்தால், நாக்கின் அடி வீங்கி மூச்சே அடைக்கலாம். சிபிசிடி தரும் குறுக்குவெட்டுப் படத்தில்தான் அந்தக் குழிவு தெளிவாகத் தெரியும்.

தேவையான பகுதியை மட்டும் எடுத்தால் போதும், கதிர்வீச்சு குறையும். அச்சுப்படத்தோடு டைகாம் கோப்பையும் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் கோப்பு) கேட்டு வாங்குங்கள்.