அணுமின் நிலையத்தின் டீசல் எஞ்சின்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கப்பல் எஞ்சின் அறையிலும் பிறகு மின்நிலையங்களிலும் பெரிய டீசல் எஞ்சின்களோடு பல வருடம் இருந்தவன் நான். அணுமின் நிலையங்களின் அவசர ஜெனரேட்டர்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அணுமின் நிலையமே மின்சாரம் தயாரிக்கும் இடம். அங்கே டீசல் ஜெனரேட்டர் எதற்கு?

உலையை நிறுத்திவிட்டாலும் அதன் சூடு நிற்பதில்லை. எரிபொருளுக்குள் உருவான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீத வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து அது சுமார் ஒன்றரை சதவீதம், ஒரு நாள் கழித்து அரை சதவீதம். 3,000 மெகாவாட் வெப்பத் திறன் உள்ள உலையில் அரை சதவீதம் என்றாலே 15 மெகாவாட். அதை வெளியேற்ற பம்புகள் ஓடவேண்டும். உலை நின்றுவிட்டது, வெளியிலிருந்து வரும் மின்கம்பியும் அறுந்துவிட்டது என்றால் அந்தப் பம்புகளுக்கு டீசல்தான் கதி. அமெரிக்க நிலையங்களில் பெரும்பாலும் 10 விநாடிக்குள் எஞ்சின் முழு வேகத்துக்கு வந்தாக வேண்டும்.

கேள்வி: ஒரு எஞ்சின் கெட்டால் இன்னொன்று இருக்குமே. பிறகு ஏன் இவ்வளவு பயம்?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டு எஞ்சின் இருப்பது நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வரைபடம் என்றால், ஒன்றில் இருக்கும் குறை மற்றதிலும் இருக்கும்.

இதற்கு ஷோர்ஹாம்தான் சரியான உதாரணம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கட்டப்பட்ட அணுமின் நிலையம் அது. அங்கே டிரான்ஸ்அமெரிக்கா டெலாவல் கம்பெனி செய்த, 8 சிலிண்டர் வரிசையாக நிற்கும் மூன்று எஞ்சின்கள் இருந்தன. 1983 ஆகஸ்ட் 12 அன்று லோடு கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒன்றின் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) உடைந்தது. சரி, ஒரு எஞ்சின் போச்சு என்று விடவில்லை. மற்ற இரண்டையும் திறந்தார்கள். அந்தக் கிராங்க்குகளிலும் விரிசல்! மூன்றையும் முழுசாகப் பிரித்தபோது பிஸ்டன் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி), கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பேரிங், சிலிண்டர் ஹெட் என்று ஒவ்வொன்றாக விரிசல் வெளியே வந்தது.

கிராங்க் உடைந்ததற்குக் காரணம் வடிவமைப்பு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் வெடித்து எரியும்போது கிராங்க் ஒரு முறுக்கு வாங்குகிறது, உடனே விடுகிறது. அந்த முறுக்கு அதிர்வைத் தாங்குமளவு அந்தக் கிராங்க்குக்குத் தடிமன் இல்லை. கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி உடைக்கிறோமே, அதே கதை. கனெக்டிங் ராட் மாட்டும் கிராங்க் பின்னின் (pin) விட்டம் 11 அங்குலமாக இருந்ததை 12 அங்குலமாக்கி மூன்று எஞ்சினுக்கும் புதுக் கிராங்க் போட்டார்கள்.

அதே கம்பெனியின் எஞ்சின்களை வாங்கியிருந்த 13 மின்நிறுவனங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்துப் பாகம் பாகமாக மறுஆய்வு செய்தன. நான் மதிக்கும் வேலை அது. 'எங்கள் எஞ்சின் இன்னும் உடையவில்லை' என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. (ஷோர்ஹாம் வணிக ரீதியாக ஓடாமலே மூடப்பட்டது. அதற்கு முக்கியக் காரணம் மக்களை வெளியேற்றும் திட்டம் பற்றிய தகராறு, டீசல் அல்ல.)

வேறு வேறு வகை எஞ்சின் வைப்பதன் அருமை புகுஷிமாவில் தெரிந்தது. 2011 மார்ச் 11 சுனாமியில் ஆறு உலைகளுக்கான 13 டீசல்களில் 12 செயலிழந்தன. 6ஆம் உலையின் ஒரு எஞ்சின் மட்டும் தப்பியது. அது கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்வது, உயரமான தனிக் கட்டடத்தில் இருந்தது. 5, 6 உலைகள் இரண்டையும் அந்த ஒற்றை எஞ்சின்தான் காப்பாற்றியது.

கேள்வி: மாதாமாதம் ஓட்டிப் பார்க்கிறார்களே, குறை முன்பே தெரியாதா?

சில குறைகள் தெரியும், எல்லாம் தெரியாது. ஃபெட்டீக் விரிசல், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகம் சோர்ந்து வரும் விரிசல், உள்ளே மெதுவாக வளரும். எஞ்சின் சத்தம் கடைசி நாள்வரை அப்படியேதான் இருக்கும். அரிசோனாவின் பாலோ வெர்டே நிலையத்தில் 2016 டிசம்பர் 15 அன்று, வழக்கமான சோதனை ஓட்டத்தின் நடுவில் 3ஆம் உலையின் ஒரு எஞ்சினில் கனெக்டிங் ராட் உடைந்தது. சரிசெய்ய விதிப்படி 10 நாள்தான். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சிறப்பு அனுமதி கொடுத்து அதை 62 நாள்வரை நீட்டித்தது, உலை ஓடிக்கொண்டிருந்தது. மீதமிருக்கும் எஞ்சினில் அதே குறை இல்லை என்று உறுதியாகக் காட்டாமல் இப்படி அனுமதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. சோதனையே எஞ்சினைத் தேய்க்கும். ஆயில் மேலே ஏறுமுன் குளிர்ந்த எஞ்சினைத் திடீரென்று முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் பேரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) அடிவாங்கும். அதனால்தான் 1984இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், குளிர் நிலையில் வேகமாக ஸ்டார்ட் செய்யும் சோதனைகளைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. இப்போது நீரைச் சூடாக வைத்து, ஸ்டார்ட்டுக்கு முன்பே ஆயில் அடித்து வைத்துச் சோதிப்பதுதான் வழக்கம்.

கேள்வி: கிராங்க் போன்ற பெரிய பாகம் உடைவது அபூர்வம்தானே?

ஆமாம். பெரும்பாலும் காலை வாரிவிடுவது சின்னச் சின்ன உதிரிபாகம். தென்கொரியாவின் கோரி 1ஆம் உலையில், 2012 பிப்ரவரி 9 அன்று, பராமரிப்பில் நடந்த தவறால் வெளி மின்சாரம் அறுந்தது. ஒரு டீசல் ஓவர்ஹாலில், அதாவது முழுப் பராமரிப்பில் இருந்தது. மற்றதை ஸ்டார்ட் செய்ய அழுத்தக் காற்றைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வு வேலை செய்யவில்லை, எஞ்சின் கிளம்பவில்லை. 12 நிமிடம் மின்சாரமே இல்லை. நல்லவேளை, உலை நிறுத்தப்பட்டிருந்தது. வால்வு கெட்டதைவிட எனக்கு அதிகம் வலிப்பது வேறு: ஒரு மாதம் அதை வெளியே சொல்லாமல் மறைத்தார்கள். கெட்ட வால்வை மாற்றிவிடலாம், ஆனால் மறைத்த இடத்தில் அடுத்த குறையை யார் நம்பிச் சொல்வார்கள்?

அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் 1990 மார்ச் 20 அன்றும் இப்படித்தான். ஸ்விட்ச்யார்டில் (வெளி மின்கம்பிகள் வந்து சேரும் வளாகத்தில்) ஒரு லாரி கம்பத்தில் மோதி மின்சாரம் போனது. ஓடத் தயாராக இருந்த ஒரே டீசல் ஸ்டார்ட் ஆகி, மறுபடி மறுபடி தானாகவே நின்றது. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை, வெப்பநிலை சென்சார்தான் தப்பாகச் சொன்னது. 36 நிமிடம் அங்கே மின்சாரம் இல்லை.

கேள்வி: கூடங்குளத்தில் எப்படி?

ஒவ்வொரு உலைக்கும் நான்கு தனித்தனிப் பாதுகாப்புத் தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டீசல் ஜெனரேட்டர். மின்சாரமே இல்லாவிட்டாலும் வெளிக்காற்றின் இயல்பான ஓட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு.

கேள்வி: நான் டீசல் மெக்கானிக். இப்படிப்பட்ட எஞ்சினைத் திறந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

கனெக்டிங் ராட்டின் பெரிய முனைப் பேரிங்கைத்தான். ஷெல்லை (பேரிங்கின் அரைவட்ட உலோகத் தகட்டை) கழற்றி, ஆயிலைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல ஷெல் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக, மங்கலாக இருக்கும். மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் அடியிலிருக்கும் செம்பு திட்டாகத் தெரியும். விரல் நகத்தால் குறுக்கே இழுத்தால் கீறல் தட்டுப்படும். அப்புறம் ஆயில் சாம்பிளில் செம்பு, இரும்பு அளவு ஏறுகிறதா என்று பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

புதுப் பேரிங்தானே போட்டோம் என்று அசந்துவிடாதீர்கள். பிரான்ஸில் 900 மெகாவாட் உலைகளின் டீசல்களில் மாற்றிப் போட்ட புது வகை ஷெல்கள்தான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. திரிகாஸ்தான் நிலையத்தின் 3, 4 உலைகளில் இரண்டு டீசலிலுமே அதே ஷெல் இருந்ததால், 2011 பிப்ரவரியில் அந்த நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் அதை, அணு நிகழ்வுகளின் தீவிரத்தைக் குறிக்கும் சர்வதேச அளவுகோலில் 2ஆம் நிலையில் வைத்தது. ஒரு எஞ்சினில் மட்டும் அதைப் போட்டு, மற்றதில் பழைய வகையை விட்டிருந்த உலைகளுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. ஆகவே நீங்களும் இரட்டை எஞ்சின் உள்ள இடத்தில் வேலை பார்த்தால், இரண்டிலும் ஒரே நாளில் ஒரே லாட் பேரிங்கை மாட்டாதீர்கள். முதலில் ஒன்றில் மாட்டி, கொஞ்ச நாள் ஓட்டி, ஆயில் ரிப்போர்ட் பார்த்தபிறகு மற்றதைத் தொடுங்கள்.