டிசம்பர் 25 யாருடையது?

அன்புள்ள ஐயா,

நான் பகுத்தறிவாளன், மனைவி கிறிஸ்தவர். கிறிஸ்துமஸ் ரோமானியரின் சூரிய விழாவைத் திருடி உண்டாக்கியது, மித்ரா என்ற தெய்வத்தின் பிறந்தநாளும் சட்டர்னேலியா என்ற ரோமானியத் திருவிழாவும்கூட அன்றுதான் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்வேன், சண்டை வரும். உண்மையைச் சொல்வது தப்பா?

கே.

அன்புள்ள கே.,

பண்டிகைக்குத் தயாராகிக்கொண்டிருப்பவரிடம் போய் அதைத் திருட்டு என்பது வம்பிழுப்பது. மனைவியிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

சட்டர்னேலியா டிசம்பர் 17-இல் தொடங்கி 23-இல் முடிந்துவிடும். மித்ரா பாறையிலிருந்து பிறப்பதாகச் சிற்பங்கள் உண்டு. தேதி சொல்லும் பழைய ஆதாரம் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டையும் விட்டுத்தள்ளுங்கள்.

சூரியன் விஷயம் அப்படியில்லை. ரோமில் 354-இல் தொகுத்த நாட்காட்டியில் டிசம்பர் 25-க்கு நேரே, வெல்லப்படாதவனின் (சூரியக் கடவுளின் பட்டப்பெயர்) பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள் என்று ஒரு வரி. உங்கள் கட்சியின் மொத்தச் சொத்து அதுதான். அதே தொகுப்பில் வேறொரு பட்டியல், அன்று கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்கிறது. அந்தப் பட்டியல் 336-ஐ ஒட்டியது என்று கணிக்கிறார்கள். அப்படியானால் மூத்த வரி எது? ரோமானியப் பேரரசர் ஔரேலியன் 274-இல் சூரியனுக்குக் கோயில் கட்டினார், சரி. டிசம்பர் 25-இல் என்று அவர் காலத்தவர் எவரும் எழுதவில்லை. அந்த நாட்காட்டியிலேயே அக்டோபரில் சூரியனுக்கு 36 பந்தயங்கள். திருடுகிறவன் பெரிய நகையை விட்டுச் சின்னதையா எடுப்பான்? கிறிஸ்தவர்கள்தான் முந்தினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தீர்ப்புச் சொல்ல இந்தச் சான்று போதாது. மரியாள் மார்ச் 25-இல் கருவுற்றதாக வைத்து, ஒன்பது மாதம் கூட்டி இந்தத் தேதியைக் கண்டார்கள் என்பதும் ஊகமே.

எனக்கு வெகுநாளாக உறுத்துவது வேறு. இந்த வாதத்தை நாத்திகர்கள் கிளப்பியதாகவா நினைக்கிறீர்கள்? கத்தோலிக்கரை மட்டம்தட்ட பியூரிட்டன் என்ற கடுமையான புராட்டஸ்டன்ட் பிரிவின் பாதிரிகள் தூக்கிப்பிடித்தது ஐயா இது! பைபிளில் இல்லாத விழா, ரோமானியக் கூத்து என்று பிரசங்கித்தார்கள். 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸை ஒழித்துச் சட்டம் போட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாலும் குற்றம், விருந்து வைத்தாலும் குற்றம். அபராதம் 5 ஷில்லிங். பகுத்தறிவு என்று நினைத்து மனைவியின் சாப்பாட்டு மேசை முன்னால் நீங்கள் வருடாவருடம் வாசிப்பது அந்தச் சட்டத்தைத்தான்.