பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்: உறுமல் ஒரு கோளாறு, ஃப்யூஸ் போவது இன்னொன்று

கேள்வி: 1980களில் வாங்கிய 100 வாட் ஆம்ப்ளிஃபயர். அவுட்புட்டில் 2என்3055 டிரான்சிஸ்டர்கள். இரண்டு மழைக்காலம் பரணில் கிடந்தது. இப்போது போட்டதுமே உறுமுகிறது, வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அடங்கவில்லை. பத்து நிமிடத்தில் ஃப்யூஸ் போய்விடுகிறது. போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். ஆடித் திருவிழாவுக்குள் சரிசெய்ய முடியுமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: முடியும். போர்டை மாற்ற வேண்டாம். அந்தக் கால போர்டில் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டலாம், பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பெரிய ஃப்யூஸோ செம்புக் கம்பியோ மட்டும் போட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் செலவு பல மடங்கு.

பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளையின் பெரிய கன்டென்சரின் இரு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒரு நிமிடம் வைத்து மின்னேற்றத்தை இறக்குங்கள். மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்தபின் கை வையுங்கள்.

வால்யூமுக்குக் கட்டுப்படாத உறுமல் பெரும்பாலும் இந்தக் கன்டென்சர் காய்ந்ததால் வருவது. (வால்யூமோடு கூடிக் குறைந்தால் மைக் ஒயர், எர்த், முதல் நிலை சர்க்யூட்டைப் பாருங்கள்.) அதே அளவுள்ள புதியதை பிளஸ், மைனஸ் மாறாமல் பழையதன் மேல் இணையாகத் தற்காலிகமாகப் பற்றவைத்துப் போடுங்கள். உறுமல் குறைந்தால் குற்றவாளி அதுதான். மாற்றும்போது வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. 105 டிகிரி வகை வாங்குங்கள், தகரக் கொட்டகை வெயிலுக்கு 85 டிகிரி வகை நாள்படத் தாங்காது.

ஃப்யூஸ் போட்ட உடனே போனால் ஷார்ட். பத்து நிமிடம் கழித்துப் போனால் சூடு. டெல்டாவில் இதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். பழுப்பு நிற பேப்பர் போர்டு ஈரத்தை உறிஞ்சும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். போர்டின் செம்புத் தடங்களுக்கிடையே பச்சைக் களிம்பு படர்ந்து, அதன் வழியே கசியும் மின்சாரம் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (அதைக் கட்டுப்படுத்தும் முனை) போனால் சும்மா இருக்கும்போதே அது சுடும். சூடு ஏறினால் மின்னோட்டம் கூடும், அது மறுபடி சூட்டை ஏற்றும். போர்டைப் பழைய பல்துலக்கியால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, முழுக்க உலர விடுங்கள். எலி மூத்திரம் அரித்த தடத்துக்கு மெல்லிய செம்புக் கம்பியால் பாலம் போடுங்கள். 25 வாட் சால்டரிங் இரும்பு போதும், ஓரிடத்தில் மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் தடம் உரிந்து வந்துவிடும். பற்றவைக்க ஆசிட் பேஸ்ட் வேண்டாம், ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும்.

அடுத்து 2என்3055-களைக் கழற்றி மீட்டரின் டையோடு ரேஞ்சில் சோதியுங்கள். பேஸிலிருந்து மற்ற இரு முனைகளான எமிட்டருக்கும் கலெக்டருக்கும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். எமிட்டருக்கும் கலெக்டருக்கும் இடையே எந்தத் திசையிலும் எதுவும் காட்டக் கூடாது. மாற்றினால் ஒரே தயாரிப்பில் ஜோடியாக மாற்றுங்கள். சந்தையில் போலிகள் நிறைய, மிக மலிவாகக் கிடைப்பதை நம்பாதீர்கள். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இடையே உள்ள மைக்கா தகடு கிழிந்திருந்தால் புதிது போட்டு, இரு புறமும் ஹீட்சிங்க் பேஸ்டை மெல்லியதாகத் தடவுங்கள். ஹீட்சிங்கோடு ஒட்டியிருந்து, சூடு ஏறினால் மின்னோட்டத்தைக் குறைக்கும் பயாஸ் டையோடு அல்லது தெர்மிஸ்டர் விலகியிருந்தாலும் இதே சூடுதான் வரும், பலர் இதைப் பார்ப்பதில்லை.

முதன்முறை கரன்ட் கொடுக்கும்போது 230 வோல்ட் லைனில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டுங்கள். ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, உடனே அணையுங்கள். மங்கியபின் பல்பை எடுத்துவிட்டு, குறித்த அளவு ஃப்யூஸோடு, மைக் இல்லாமல் டிரான்சிஸ்டரின் எமிட்டரோடு இணைந்த ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள். 0.33 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லிஆம்பியர், அது சரியான அளவு. அரைமணி நேரத்தில் அது ஏறிக்கொண்டே போனால் சூட்டுக் கோளாறு தீரவில்லை. ஓர் அளவில் நின்றுவிட்டால் ஹார்ன் ஸ்பீக்கரை மாட்டலாம்.

இனி ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் போட்டு வையுங்கள். போர்டு உலர்ந்திருக்கும், கன்டென்சரும் கெடாது.